நகராட்சி என்று நாம் யாரைச் சொல்கிறோம்?

நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கத்தில் "நகராட்சி" என்ற சொல் இடம்பெறாத நாள் அரிது. "குழாய் உடைப்பைச் சரிசெய்யுமா நகராட்சி?" என்று ஒரு தலைப்பு கேட்கும். "நகராட்சிக்குள் குப்பை கொட்டத் தடை" என்று அதன் கீழே இன்னொரு செய்தி இருக்கும். "பிறப்புச் சான்றிதழ் வாங்க நகராட்சிக்குப் போயிருந்தேன்" என்று வீட்டுக்கு வந்தவர் சொல்வார். முதல் இடத்தில் நகராட்சி என்பது ஒரு நிர்வாகம். இரண்டாவதில் எல்லை வகுக்கப்பட்ட நிலப்பரப்பு. மூன்றாவதில் ஒரு கட்டடம். மூன்றும் பேச்சிலும் எழுத்திலும் நிலைத்துவிட்ட வழக்குகள். அவற்றில் பிழை காண எனக்கு விருப்பமில்லை. ஆனால் சட்டம் இச்சொல்லுக்குத் தரும் பொருள் இம்மூன்றிலும் அடங்காத வேறொன்று. அந்தப் பொருளை அன்றாடப் பேச்சில் நாம் ஏறக்குறைய இழந்துவிட்டோம் என்பதும், அந்த இழப்பு மொழியோடு நின்றுவிடவில்லை என்பதும் என் உறுதியான எண்ணம்.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1992இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தத்தால் சேர்ந்த பகுதி, நகராட்சி என்பதைத் தன்னாட்சிக்கான ஓர் அமைப்பு என்றே வரையறுக்கிறது. கிராமத் தன்மையிலிருந்து நகரத் தன்மைக்கு மாறிக்கொண்டிருக்கும் பகுதிக்கு ஒன்று, சிறிய நகர்ப் பகுதிக்கு ஒன்று, பெரிய நகர்ப் பகுதிக்கு ஒன்று என மூன்று வகைகளை அது கூறுகிறது. நம் வழக்கில் அவை பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி. மூன்றிலும் வார்டுதோறும் வாக்காளர்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டுகளுக்கு மேல் போகக் கூடாது. அந்த ஐந்தாண்டு முடிவதற்கு முன்பே அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும். இடையில் கலைக்கப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தேர்தல் நடத்தப்பட வேண்டும். ஆக, சட்டத்தின் கண்ணில் நகராட்சியின் உயிர் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தில் இருக்கிறது. அலுவலகமும் ஊழியர்களும் வண்டிகளும் அந்த மன்றத்தின் முடிவுகளை நிறைவேற்றுவதற்காக இருப்பவை.

தமிழ்ச் சொல்லும் இதைத்தான் சொல்கிறது. ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சி என்று படிப்படியாக ஏறும் நான்கு சொற்களிலும் ஆட்சி என்பது மாறாமல் நிற்கிறது. நான்கையும் சேர்த்து உள்ளாட்சி என்கிறோம். கோட்டையில் நடப்பதற்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோமோ அதே சொல்லைத்தான் தெருவிளக்கையும் வாய்க்காலையும் கவனிக்கும் அமைப்புக்கும் கொடுத்திருக்கிறோம். மற்ற இந்திய மொழிகள் பல அவ்வாறு செய்யவில்லை. இந்தியில் நகர்பாலிகா, மராத்தியில் மகாநகரபாலிகா, கன்னடத்தில் மகாநகர பாலிகே என்பவற்றில் உள்ளது காத்துப் பேணுதல் என்னும் கருத்து. மலையாளத்தில் நகரசபா என்று அவையின் பெயரால் அழைக்கிறார்கள். ஈழத்தமிழர் வழக்கும் சபைதான்: யாழ்ப்பாணம் மாநகர சபை, பருத்தித்துறை நகர சபை, நல்லூர் பிரதேச சபை. அங்கே மேயர் மாநகர முதல்வர். நகர சபைக்கும் பிரதேச சபைக்கும் தலைமை ஏற்பவர் தவிசாளர். நம் சொத்து வரி அவர்களுக்கு ஆதன வரி. மலேசியத் தமிழர்கள் நகராண்மைக் கழகம் என்றும் மாநகர் மன்றம் என்றும் எழுதுகிறார்கள். சிங்கப்பூரில் நகர மன்றம் என்ற பெயர் உண்டு. ஆனால் அது வீடமைப்புப் பேட்டைகளின் பொது இடங்களைப் பராமரிக்கும், நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலைமையிலான அமைப்பு என்பதால், பெயர் ஒத்திருந்தாலும் பொருள் வேறு. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற வழக்கு இன்னும் மறையவில்லை. கிராமப் பகுதிகளின் உள்ளாட்சிக்குக் கொம்யூன் பஞ்சாயத்து என்று பெயர், கடற்கரையோரத்தில் இருந்த பழைய நகராட்சிக் கட்டடத்துக்கு மேரி (நகராட்சி மாளிகைக்கான பிரெஞ்சுச் சொல்) என்று பெயர். 2014இல் மழையில் இடிந்து விழுந்து மீண்டும் கட்டப்பட்ட அந்தக் கட்டடத்தை ஊரார் இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

இத்தனை பெயர்களில் அவையைச் சொல்பவை உண்டு, காத்தலைச் சொல்பவை உண்டு. ஆள்வதையே நேராகச் சொல்வது நம் பெயர். அலுவலகம் என்று சொல்லும் பெயர் எதுவும் இல்லை. ஆனால் நம் வாயில் நகராட்சி என்று வரும்போது மனத்தில் எழுவது அலுவலகம் மட்டுமே.

சொல்லின் பழைய வேர்களைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஊர், சபை, நகரம் என்ற மூன்று பெயர்களும் இடங்களைக் குறிப்பதோடு, அவ்விடங்களை நிர்வகித்த அவைகளையும் குறித்தன. வேளாண் குடிகளின் ஊருக்கு ஊர் என்ற அவையும், பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட பிரமதேயங்களுக்குச் சபையும், வணிகர் வாழ்ந்த இடங்களுக்கு நகரமும் இருந்தன. கல்வெட்டில் "நகரத்தோம்" என்று தன்மைப் பன்மையில் அவர்கள் தங்களைக் குறிப்பிடும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. இன்ன நிலத்தை விற்றோம், இன்ன விளக்குக்குப் பொன் பெற்றோம் என்று பேசுபவர்கள் அந்த ஊராரே. முதலாம் பராந்தகனின் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையையும், ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்ற குழுக்களையும், உறுப்பினராவதற்கான தகுதிகளையும் விரிவாகச் சொல்கின்றன. அங்கே வாய்ப்புப் பெற்றவர்கள் நிலமும் கல்வியும் உடைய சிறு பிரிவினர் மட்டுமே என்பதை மறந்துவிட்டு அதை மக்களாட்சி என்று கொண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை; இன்றைய நகராட்சி அதன் தொடர்ச்சியும் அல்ல. ஆனாலும் ஓர் இடத்தின் பெயரும் அதை நடத்தும் கூட்டத்தின் பெயரும் ஒன்றாகவே இருந்த வழக்கம் நம் மொழியில் பழையது என்பதற்கு அவை சான்று. உத்தரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி.

இன்றைய அமைப்பின் தொடக்கம் வரி. கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் நகரச் செலவுக்கு வரி வசூலிக்க முயன்றபோது குடிகளின் எதிர்ப்பைச் சந்தித்தது. ஊர்ப் பெரியவர்களே கூடி வரியை முடிவுசெய்தால் மக்கள் மனமுவந்து கட்டுவார்கள் என்று கணக்கிட்டுத்தான் லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர் ஜோசையா சைல்டு நகர மன்ற யோசனையை முன்வைத்தார். 1687 டிசம்பர் 30 அன்று அதற்கான சாசனம் வழங்கப்பட்டது. 1688 செப்டம்பர் 29 அன்று மன்றம் தொடங்கப்பட்டது. மேயர் ஒருவர், ஆல்டர்மன்கள் பன்னிருவர், அவர்களுக்குக் கீழே அறுபது பர்ஜஸ்கள் என்பது அதன் அமைப்பு. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். அந்த மன்றத்தில் ஆங்கிலேயரோடு போர்த்துகீசியர், யூதர், உள்ளூர் இந்துக்கள் ஆகியோருக்கும் இடம் இருந்தது. கம்பெனியின் நோக்கம் வணிக நோக்கம்தான்; ஆயினும் இசைவில்லாமல் வரி இல்லை என்ற விதியை அது தன்னையறியாமலேயே இந்த மண்ணில் நட்டுவைத்தது. அந்த அமைப்புக்கு இடப்பட்ட கார்ப்பரேஷன் என்ற பெயருக்கு ஒருங்கிணைந்த உடல் என்பது பொருள். பலர் கூடி ஒரே ஆளாக நின்று, சொத்து வாங்கவும் வழக்காடவும் தன் பெயரில் முத்திரை வைத்துக்கொள்ளவும் உரிமை பெற்ற சட்ட உருவம் அது. முனிசிபாலிட்டி என்பதற்கு வேரான இலத்தீன் சொல்லோ, பொதுக் கடமைகளை ஏற்றுக்கொண்டு தன் உள் விவகாரங்களைத் தானே பார்த்துக்கொண்ட ஊரைக் குறித்தது. கடமையும் உரிமையும் பிரியாமல் சேர்ந்திருந்த சொல் அது.

பிற ஊர்களுக்கு நகராட்சி வந்தது 1865ஆம் ஆண்டின் நகர மேம்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு. மதுரையும் கோயம்புத்தூரும் 1866இல் நகராட்சிகளாயின. தொடக்கத்தில் பெரும்பாலும் நியமன உறுப்பினர்களும் மாவட்ட அதிகாரிகளுமே அவற்றை நடத்தினர். 1882 மே 18 அன்று வைஸ்ராய் ரிப்பன் பிரபுவின் அரசு வெளியிட்ட தீர்மானம் நிலைமையை மாற்றியது. உள்ளாட்சியின் முதன்மை நோக்கம் நிர்வாகத்தைச் சீராக்குவது அல்ல, மக்களுக்கு அரசியல் பயிற்சி தருவதே என்று அத்தீர்மானம் வெளிப்படையாகச் சொன்னது. தொடக்கத்தில் அதிகாரிகளைவிடக் குறைவாகவே இவர்கள் சாதிக்கக்கூடும், அதனால் மனம் தளரக் கூடாது என்ற பொறுமையும் அதில் இருந்தது. சென்னை மாநகராட்சி அலுவலகத்துக்கு ரிப்பன் மாளிகை என்று பெயர் வைத்தது சும்மா இல்லை. 1884இல் மாவட்ட நகராட்சிகள் சட்டம், 1919இல் சென்னை மாநகராட்சிச் சட்டம், 1920இல் மீண்டும் மாவட்ட நகராட்சிகள் சட்டம் என்று அடுத்தடுத்து வந்தன. ரிப்பன் சொன்ன பயிற்சி வெறும் பேச்சாகப் போகவில்லை. ஈ.வெ.ரா. ஈரோடு நகராட்சிக்கும் ராஜாஜி சேலம் நகராட்சிக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் சேர்மன்களாக இருந்தவர்கள். பிற்காலத்தில் எதிரெதிர் துருவங்களாக நின்ற இருவரும் பொதுவாழ்வின் முதல் பாடத்தைக் குழாய்த் தண்ணீரிலும் சாக்கடையிலும்தான் கற்றார்கள்.

நகராட்சி ஆட்சி செய்தது என்று சொல்லத்தக்க ஒரு நிகழ்வைக் காட்டச் சொன்னால் நான் 1920ஐக் காட்டுவேன். அந்த ஆண்டு சென்னை மாநகராட்சியின் தலைவராக பி. தியாகராயச் செட்டியார் இருந்தார். ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுப்பது பற்றிய பொருள் மன்றத்தின் முன் வந்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட மன்றம் இசைந்தது. மேலிடத்தின் ஆணைக்குக் காத்திருக்காமல், ஊர்ப் பிள்ளைகள் பசியோடு வகுப்பில் இருக்கிறார்கள் என்பதை அறிந்த ஊர் உறுப்பினர்கள் ஊரின் வரிப் பணத்தில் எடுத்த முடிவு அது. பின்னாளில் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவிய மதிய உணவுக்கும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கும் முன்னோடியாக அந்தத் தீர்மானத்தைத்தான் எல்லாரும் எடுத்துக்காட்டுகிறார்கள். அணாக் கணக்கில் தொடங்கிய அம்முடிவின் அளவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு ஏற்படுகிறது.

இன்று ஒரு நகர்மன்றக் கூட்டம் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்திராதவர்களே அதிகம். எங்கள் ஊர் நகர்மன்றக் கூட்டங்களைப் பார்வையாளராக உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சுற்றுக்கு வரும் கூட்டப் பொருள் குறிப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் எண் இருக்கும். இன்ன வார்டில் இன்ன தெருவில் பழுதடைந்த சிறுபாலத்தைப் புதுப்பிக்க மதிப்பீடு இவ்வளவு, பெறப்பட்ட ஒப்பந்தப்புள்ளி இவ்வளவு என்று விவரம் தொடரும். கடைசியில் "மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும்" என்று முடியும். அதற்குக் கீழே அலுவலகக் குறிப்பு "அனுமதிக்கலாம்" என்றிருக்கும். எழுத்தர் பொருள் எண்ணைப் படிக்க, உறுப்பினர்கள் மேசையைத் தட்ட, ஒரே மூச்சில் முப்பது நாற்பது பொருள்கள் தீர்மானங்களாகிவிடும். ஒருமுறை இடையில் ஒரு பெண் உறுப்பினர் எழுந்து, தம் வார்டில் பாலம் போடுமிடம் தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது, தண்ணீர் தேங்குவது அதற்கு அடுத்த முடுக்கில் என்றார். பொறியாளர் வரைபடத்தைப் பார்த்தார். தலைவர் அந்தப் பொருளை மட்டும் ஒத்திவைத்தார். கூட்டம் முழுவதிலும் அதற்கு ஆன நேரம் மிகக் கொஞ்சம். ஆனால் நகராட்சி என்ற சொல்லுக்கு உயிர் இருந்த நேரம் அதுதான் என்று எனக்குத் தோன்றியது. அந்த முடுக்கில் தண்ணீர் தேங்குவது அலுவலகத்துக்குத் தெரியாது, அங்கே குடியிருப்பவருக்குத் தெரியும், குடியிருப்பவரின் வாக்கைப் பெற்றவர் அதை மன்றத்தில் சொன்னார், முடிவு மாறியது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் ஆனது. பெண் உறுப்பினரின் கணவரே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்று பேசுபவர்கள் அன்றைய கூட்டத்தில் இருந்திருக்க வேண்டும்.

இந்த மன்றமே இல்லாமல் நகராட்சி மட்டும் இருக்க முடியுமா? இருந்திருக்கிறது. சென்னை மாநகராட்சி மன்றம் 1973இல் கலைக்கப்பட்டது; அடுத்த தேர்தல் 1996இல்தான் நடந்தது. அன்று பிறந்த குழந்தை வாக்குரிமை பெற்று, படிப்பு முடித்து, வேலைக்கும் போகும் காலம் வரை, தலைநகரின் மாநகராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர்கூட இல்லை. அப்போதும் குப்பை அள்ளப்பட்டது, பள்ளிகள் நடந்தன, வரிச்சீட்டு வந்தது; மாநகராட்சி என்ற பெயர்ப்பலகை கழற்றப்படவில்லை. 74ஆவது திருத்தம் வந்த பிறகு அப்படி நடக்காது என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அறிவிக்கப்பட்ட தேர்தல் நீதிமன்ற வழக்குகளில் நின்றது. வார்டு மறுவரையறை, இட ஒதுக்கீடு என்று காரணங்கள் தொடர்ந்தன. நகர்ப்புறங்களுக்கு வாக்குப்பதிவு நடந்த நாள் 2022 பிப்ரவரி 19. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கும் மேலான காலம் தனி அலுவலர்கள் மன்றத்தின் அதிகாரங்களைச் செலுத்தினர். பல இடங்களில் ஆணையரே தனி அலுவலர். அனுமதி கேட்பவரும் அனுமதி அளிப்பவரும் ஒருவராகவே இருந்த காலம் அது.

அந்தக் காலத்தில்தான் 2018இல் சொத்து வரி உயர்த்தப்பட்டது; எதிர்ப்புக்குப் பின் 2019 நவம்பரில் உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. 1687இல் ஒரு வணிகக் கம்பெனிக்கே புரிந்திருந்த விதியை மறந்து, இசைவு சொல்ல ஒருவரும் இல்லாத ஊர்களில் வரி ஏற்றப்பட்டது. அதே காலத்தில்தான் கொரோனா வந்தது. எந்தத் தெருவை அடைப்பது, எந்த வீட்டில் முதியவர் தனியாக இருக்கிறார், எங்கே அரிசி தீர்ந்துவிட்டது என்று தெரிந்து சொல்ல வேண்டிய வார்டு உறுப்பினர் எந்த நகரத்திலும் இல்லை. தூய்மைப் பணியாளர்களும் செவிலியர்களும் அதிகாரிகளும் தங்களை வருத்திக்கொண்டு உழைத்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எங்கள் தெருவில் ஒரு குழாய்ப் பிரச்சினைக்கு யாரிடம் போவது என்று கேட்டபோது, "நகராட்சியில் சொல்லுங்கள்" என்பதே எல்லாருடைய பதிலாகவும் இருந்தது. அங்கே போனால் அலுவலர் இருப்பார். நாம் தேர்ந்தெடுத்தவர் என்று ஒருவரும் இருக்கமாட்டார். அந்த ஐந்தாண்டுகளிலும் செய்தித்தாள்கள் வழக்கம்போல "நகராட்சி முடிவுசெய்தது", "மாநகராட்சி அறிவித்தது" என்றே எழுதின. முடிவுசெய்தவர் ஓர் அதிகாரி என்பதை அந்த வாக்கியங்கள் மறைத்துவிட்டன. மன்றம் இல்லை என்பது செய்தியாகாமலே போனதற்கு இந்தச் சொல்வழக்கும் ஒரு காரணம் என்று நான் நம்புகிறேன்.

இலங்கையிலும் இதே நிலை ஏற்பட்டது. அங்கே 2023 மார்ச்சில் உள்ளூராட்சி சபைகளின் காலம் முடிந்தது. நடக்க வேண்டிய தேர்தல் நிதியில்லை என்று தள்ளிப்போனது. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6 அன்று வாக்களிப்பு நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் சபை கூடாத சபைகளை ஆணையாளர்களும் செயலாளர்களும் நடத்தினார்கள். புதுச்சேரியின் கதை இவ்விரண்டையும்விட வருத்தமானது: 1968க்குப் பிறகு 2006இல் ஒருமுறை நகராட்சித் தேர்தல் நடந்தது, அதில் வென்றவர்களின் காலம் 2011இல் முடிந்தபின் நகராட்சி என்பது அங்கே அதிகாரிகளின் அலுவலகமாகவே நின்றுவிட்டது.

மன்றம் இருக்கும்போதும் அதன் கையில் இருப்பது எவ்வளவு என்பது வேறு கேள்வி. அரசியலமைப்பின் 12ஆவது அட்டவணை நகரத் திட்டமிடல், சாலை, குடிநீர், பொதுச் சுகாதாரம், தீயணைப்பு, பூங்கா, சுடுகாடு என்று 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. ஆனால் அவற்றை மாநிலச் சட்டமன்றம் நகராட்சிகளுக்கு "அளிக்கலாம்" என்றுதான் இருக்கிறது; அளித்தாக வேண்டும் என்று இல்லை. சென்னையில் 1978 முதல் குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர் வாரியத்திடம் இருக்கின்றன. நில வகைப்பாடும் பெருந்திட்டமும் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். தீயணைப்பு மாநிலத் துறையிடம். வயதானவர்கள் இன்னும் "கார்ப்பரேஷன் தண்ணி" என்பார்கள். அந்தச் சொல்லுக்கும் தண்ணீருக்கும் உறவு அற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. 2022 மார்ச்சில் மன்றங்கள் அமைந்த சில வாரங்களில் மாநில அரசு சொத்து வரிச் சீராய்வை அறிவித்தது. மன்றங்கள் அதற்கேற்பத் தீர்மானம் போட்டன. மன்றத்தின் பெயர் தீர்மானத்தில் இருந்தது. முடிவு வேறிடத்தில் பிறந்திருந்தது. ஆட்சி என்ற பெயரைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கொடுக்காத இந்த நிலையை மாற்ற வேண்டுமென்று கேட்பதற்கு, நகராட்சி என்றால் என்ன என்பது முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஓர் ஊரை நகராட்சியாகத் தரம் உயர்த்துகிறார்கள் என்ற செய்தி வரும்போது மக்கள் போராடுவது ஏன் என்று வெளியூரில் இருப்பவர்களுக்குப் புரிவதில்லை. ஊராட்சியாக இருந்தால் ஆண்டில் சில நாள்களாவது கிராம சபை கூடும். ஊரார் எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். வீட்டு வரி குறைவு. நூறு நாள் வேலை கிடைத்தது. நகரத்தோடு சேர்த்துவிட்டால் இவையெல்லாம் போய்விடும் என்பதே அவர்கள் அச்சம். நகர்ப்புறத்துக்கும் கிராம சபை போன்ற ஒன்று வேண்டும் என்று பல காலமாகக் கேட்டதன் பயனாக 2022இல் வார்டு குழுக்களுக்கும் பகுதி சபைகளுக்கும் விதிகள் வகுக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று முதல் முறையாகச் சபைகள் கூடின. நல்ல தொடக்கம். எங்கள் பகுதி சபைக்கு வந்தவர்கள் எண்ணிக்கையில் சிலரே. சபை என்று ஒன்று இருப்பதே தெருவில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. நகராட்சி அலுவலகத்தின் முகப்பில் "சிறப்பு நிலை நகராட்சி" என்றும் "தேர்வு நிலை" என்றும் எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிலை ஆண்டு வருமானத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது. எத்தனை பகுதி சபைகள் கூடின என்பதைக் கொண்டு நிலை வகுக்கும் முறை ஒன்று வந்தால் முகப்பில் எழுதத் தகுந்ததாக இருக்கும்.

செய்தி எழுதுபவர்களுக்கும், மனு எழுதுபவர்களுக்கும் என் வேண்டுகோள் எளிதானது. மன்றம் தீர்மானித்திருந்தால் "நகர்மன்றம் தீர்மானித்தது" அல்லது "மாமன்றம் தீர்மானித்தது" என்று எழுதுங்கள். ஆணையர் உத்தரவிட்டிருந்தால் "ஆணையர் உத்தரவிட்டார்" என்று எழுதுங்கள். பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். மாநில அரசு ஆணையிட்டு மன்றம் ஒப்புக்கொண்டிருந்தால் அதையும் அப்படியே எழுதுங்கள். நகராட்சி என்ற சொல்லை இவையெல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்கு வைத்துக்கொள்ளலாம். மனுவில் "நகராட்சி நிர்வாகம் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று பொதுவாக முடிப்பதைவிட, வார்டு உறுப்பினரின் பெயருக்கு ஒரு படி அனுப்பி, எந்தக் கூட்டத்தில் இது பொருளாக வைக்கப்படும் என்று கேட்பது பயன் தருகிறது என்பது நான் கண்ட உண்மை. வரிச்சீட்டை எடுத்துப் பாருங்கள்: அரையாண்டு, வரிவிதிப்பு எண், வார்டு எண், சொத்து வரி, நூலக வரி என்று வரிசையாக இருக்கும். அந்த வார்டு எண்ணுக்கு உரிய உறுப்பினர் யார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரியில் காலம் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2022 மார்ச் 2 அன்று பொறுப்பேற்ற நகர்ப்புற மன்றங்களுக்கு ஐந்தாண்டு நிறைவது 2027 மார்ச் தொடக்கத்தில். அதற்கு முன்பே தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பின் விதி. வார்டு எல்லைகள், இட ஒதுக்கீடு, வாக்காளர் பட்டியல் ஆகிய மூன்று வேலைகளும் காலத்தோடு முடிக்கப்படுகின்றனவா என்பதை உங்கள் வார்டு உறுப்பினரிடமும் உள்ளூர்ச் செய்தியாளரிடமும் கேட்டுக்கொண்டே இருங்கள்.